அமெரிக்காவுக்குக் கப்பலேறிய உறவினரைப் பழைய பதிவேடுகளில் தேடுவது எப்படி

பல குடும்பங்களில் இப்படி ஒருவர் இருப்பார். தாத்தாவின் தம்பியாகவோ, பாட்டிக்கு ஒன்றுவிட்ட அண்ணனாகவோ, இன்ன முறை என்று யாருக்கும் திட்டமாகச் சொல்லத் தெரியாத ஒரு பெரியப்பாவாகவோ இருப்பார். கொழும்பு வரை போனார், அங்கே கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார், அமெரிக்காவிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன, பிறகு தகவல் இல்லை என்ற இடத்தில் அவருடைய கதை நின்றுவிடும். அப்படி நின்றுபோன கதையை ஆவணங்களின் துணையோடு முன்னே நகர்த்த விரும்புகிறவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. 1900க்கும் 1950க்கும் இடையில் சென்றவர்களைப் பற்றியே இதில் பெரும்பாலும் பேசுகிறேன். அந்தக் காலத்துப் பதிவேடுகளில் பெரும்பகுதி இன்று பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. பிற்காலத்தில் சென்றவர்களுக்கான வழி வேறு, அதைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுவதுதான் இந்த வேலையில் பலரும் செய்கிற முதல் தவறு. நம்முடைய பெயர்கள் அமெரிக்க எழுத்தர்களின் கையில் உருத்தெரியாமல் மாறிப்போயின. ஆனால் வயது, பிறந்த ஊர், தொழில், பெற்றோர் பெயர், ஊரில் விட்டுவந்த உறவினரின் முகவரி முதலியவை வியக்கத்தக்க அளவுக்கு அந்தக் காகிதங்களில் தங்கியிருக்கின்றன. ஆகவே பெயரைத் தளர்வாகவும் மற்ற விவரங்களை இறுக்கமாகவும் பிடித்துக்கொண்டு தேட வேண்டும்.

வீட்டில் இருப்பதை முதலில் திரட்டுதல்

கணினியின் முன் உட்காருவதற்கு முன்னால் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கடிதத்தைக் காட்டிலும் அது வந்த உறை பயனுள்ளது, ஏனென்றால் அஞ்சல் முத்திரையில் நகரமும் தேதியும், உறையின் ஓரத்தில் அனுப்பியவரின் தெரு முகவரியும் இருக்கும். புகைப்படம் இருந்தால் அட்டையின் பின்புறத்தையும் கீழ்விளிம்பையும் பாருங்கள். படம் எடுத்த ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் அங்கே அச்சாகியிருப்பது வழக்கம். பூர்வீக நிலம் உள்ள குடும்பமாக இருந்தால் பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். ஊரில் இல்லாத பங்காளியைப் பற்றிய ஒரு வரி அதில் இருக்கக்கூடும். அவர் அங்கிருந்தே எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரம் பதிவாகியிருந்தால் அவருடைய அமெரிக்க முகவரியே கிடைத்துவிடும். பத்திரம் கைவசம் இல்லாதவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பத்திர எண்ணைத் தெரிந்துகொள்ளலாம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால் பகுதியைச் சேர்ந்தவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: பிரெஞ்சு ஆட்சிக்காலத்துப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளின் படங்களைப் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளுக்கான தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே தருகிறது.

ஜாதகத்தை யாரும் ஆவணமாக எண்ணுவதில்லை. என் கணக்கில் அது முதல்தரமான ஆவணம். ஒருவர் விகாரி ஆண்டு மாசி மாதம் பிறந்தார் என்று குறித்திருந்தால், அறுபது ஆண்டுச் சுழற்சியில் விகாரி 1899 ஏப்ரல் முதல் 1900 ஏப்ரல் வரையிலான ஆண்டுக்கும், மறுபடி 1959-60க்கும் பொருந்தும். கப்பலேறிய தாத்தாவுக்கு முதலாவதே பொருந்தும். மாசி என்பதால் ஆங்கிலக் கணக்கில் அது 1900 பிப்ரவரியோ மார்ச்சோ ஆகிறது. மார்கழியின் பிற்பகுதி முதல் பங்குனி வரை பிறந்தவர்களுக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும் என்பதை மறந்துவிட்டுத் தேடுகிறவர்கள் ஓர் ஆண்டு தள்ளியே தேடிக்கொண்டிருப்பார்கள். நட்சத்திரமும் திதியும் இருந்தால் பழைய பஞ்சாங்கத்தைக் கொண்டு நாளையே உறுதிசெய்துவிடலாம். அவரும் அமெரிக்காவில் தன் பிறந்த தேதியைக் கேட்டவர்களிடம் ஏறக்குறையத்தான் சொல்லியிருப்பார் என்பதால், கணக்கிட்ட ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஐந்தாண்டுகள் விட்டுத் தேடுவது நல்லது.

எப்போது சென்றார் என்பது காகிதத்தைத் தீர்மானிக்கிறது

இந்தியர்களைப் பொறுத்தவரை அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் வரலாறு தெரியாமல் பதிவேடுகளைத் தேடுவது, முகூர்த்த நாள் தெரியாமல் மண்டபத்துக்குப் போவது போன்றது. 1917 பிப்ரவரியில் இயற்றப்பட்ட சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடைசெய்யப்பட்ட மண்டலமாக அறிவித்தது. அதன்பின் இந்தியத் தொழிலாளர்கள் சட்டப்படி நுழைய முடியவில்லை. மாணவர்கள், வணிகர்கள், சமய போதகர்கள், சுற்றுப்பயணிகள் போன்ற சில பிரிவினருக்கு மட்டும் விலக்கு இருந்தது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது இறங்கி, திரும்ப ஏறாமல் நகரத்துக்குள் மறைந்துவிட்ட மாலுமிகள் வேறொரு வழியில் வந்தவர்கள். ஆகவே 1917க்குப் பிறகு சென்ற ஒருவரைத் தேடும்போது, அவர் மாணவரா, வணிகரா, கப்பல் சிப்பந்தியா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். சிப்பந்தி என்றால் பயணிகள் பட்டியலில் அவர் இருக்கவே மாட்டார்.

குடியுரிமையும் இப்படியே. 1923இல், அமெரிக்காவில் குடியேறிய பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர்களுக்குக் குடியுரிமை பெறும் தகுதி இல்லை என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன் சில நீதிமன்றங்களில் குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்து அது திரும்பப் பறிக்கவும்பட்டது. 1946 ஜூலை 2ஆம் தேதி கையெழுத்தான லூஸ்-செல்லர் சட்டம்தான் ஆண்டுக்கு 100 இந்தியர்கள் குடிவர அனுமதித்து, ஏற்கெனவே இருந்தவர்களுக்குக் குடியுரிமையின் கதவையும் திறந்தது. பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலிப் சிங் சாந்த் 1920இல் மாணவராக வந்தவர்; அவருக்கே 1949இல்தான் குடியுரிமை கிடைத்தது. உங்கள் உறவினர் 1920களில் சென்று அங்கேயே தங்கியவராக இருந்தால், அவருடைய குடியுரிமை மனுவை 1946க்கும் 1955க்கும் இடையில் தேடுங்கள். 1930களில் தேடிக் கிடைக்கவில்லையே என்று மனம் தளர வேண்டியதில்லை.

குடியுரிமை மறுக்கப்பட்ட இந்த அநீதியே தேடுகிறவருக்கு ஒரு காகிதத்தைக் கூடுதலாக விட்டுச்சென்றிருக்கிறது. 1940ஆம் ஆண்டின் அந்நியர் பதிவுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாமல் அமெரிக்காவில் வசித்த 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் அந்த ஆண்டு ஆகஸ்டு முதல் தம்மைப் பதிவுசெய்துகொள்ள வேண்டியிருந்தது. இந்தியர்கள் அனைவரும் அன்றைக்கு அந்நியர்களாகவே வைக்கப்பட்டிருந்தபடியால், சட்டத்தை மதித்து நடந்த ஏறக்குறைய எல்லா இந்தியருக்கும் அந்தப் படிவம் இருந்தாக வேண்டும். பிறந்த இடம், வந்த கப்பல், வந்த நாள், வேலை, அப்போதைய முகவரி ஆகிய அனைத்தும் அதில் கேட்கப்பட்டன. இப்படிவங்கள் அமெரிக்கக் குடியுரிமை மற்றும் குடிவரவுச் சேவைத் துறையின் வசம் இருக்கின்றன. அந்தத் துறை வம்சாவளி தேடுவோருக்கென்றே ஒரு பிரிவை நடத்துகிறது. முதலில் கட்டணம் செலுத்திப் பட்டியலில் தேடச் சொல்ல வேண்டும், அவர்கள் கோப்பு எண்ணைத் தந்தபிறகு தனிக் கட்டணத்தில் நகலைக் கேட்க வேண்டும். தேடப்படுபவர் பிறந்து 100 ஆண்டுகள் ஆகவில்லை என்றால் அவர் இறந்துவிட்டதற்கான சான்றையும் இணைக்க வேண்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், ஆகவே இந்த விண்ணப்பத்தை முதலிலேயே போட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

பெயர் என்னும் முடிச்சு

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் முத்துசாமி, தகப்பனார் பெயர் ராமலிங்கம். ஊரில் அவர் ரா. முத்துசாமி. குடும்பப் பெயர் என்ற ஒன்றைக் கட்டாயம் நிரப்ப வேண்டிய அமெரிக்கப் படிவத்தில் அவர் முத்துசாமி ராமலிங்கம் ஆகலாம், ராமலிங்கம் முத்துசாமி ஆகலாம், முத்து ஒரு கட்டத்திலும் சாமி இன்னொரு கட்டத்திலும் விழலாம். பத்தாண்டு கழிந்தபின் வேலை செய்த இடத்தில் எல்லாரும் கூப்பிட வசதியாக அவரே சாம் ராம் என்று மாற்றிக்கொண்டிருக்கலாம். நியூயார்க் துறைமுகத்தின் குடிவரவு நிலையமான எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதை பரவலாக இருந்தாலும் அது பொருந்தாது. பட்டியலைக் கப்பல் நிறுவனத்தார் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதிவிடுவார்கள், அதிகாரிகள் அதை வைத்துச் சரிபார்க்க மட்டுமே செய்தார்கள். எனவே முதல் சிதைவைக் கொழும்பிலோ லிவர்பூலிலோ, அடுத்த சிதைவை அமெரிக்கத் தெருவிலோ தேட வேண்டும்.

ஒலிகளின் கதை இன்னும் சுவையானது. ழகரம் எல் என்றும், இசட் என்றும், ஆர் என்றும் எழுதப்பட்டிருக்கும். தகரம் டி ஆகவும் டிஹெச் ஆகவும் வரும். பிள்ளை, முதலியார், செட்டி போன்ற பின்னொட்டுகளுக்கு ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். இதற்கு மேல், பழைய கையெழுத்தைப் படித்து இணையப் பட்டியலில் தட்டச்சு செய்தவர் எஸ் எழுத்தை எல் என்றும், டி எழுத்தை எஃப் என்றும் படித்திருப்பார். இவற்றையெல்லாம் சமாளிக்கத் தேடல் தளங்களில் நட்சத்திரக் குறியைப் பயன்படுத்தலாம். பெயரின் உறுதியான மூன்று எழுத்துகளை மட்டும் இட்டு மிச்சத்துக்கு நட்சத்திரம் போட்டால் எல்லா வடிவங்களும் வரும். அதுவும் பலிக்கவில்லை என்றால் பெயர்க் கட்டத்தையே காலியாக விட்டுவிட்டு, பிறந்த இடம் இந்தியா, பிறந்த ஆண்டு இத்தனை, வசித்த கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) இது என்று மட்டும் கொடுத்துத் தேடிப் பாருங்கள். 1930இல் ஒரு சிறிய கவுண்டியில் இந்தியாவில் பிறந்தவர்கள் சிலரே இருப்பார்கள். அவர்களில் மிஷனரிகளின் பிள்ளைகளையும் இந்தியாவில் பிறந்த ஆங்கிலேயர்களையும் கழித்துவிட்டால் மிச்சம் ஒரு கையளவுதான்.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு ஒரு குறிப்பு. 1816 முதல் அங்கே இயங்கிய அமெரிக்க மிஷனின் பள்ளிகளிலும் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் படித்த மாணவர்கள் பலருக்கு, அவர்களின் படிப்புக்குப் பணம் கொடுத்த அமெரிக்கர்களின் பெயர்களே சூட்டப்பட்டன. ஆகவே முழுக்க ஆங்கிலேயப் பெயர் ஒன்று இலங்கையில் பிறந்ததாகக் காட்டினால், அவரைத் தமிழரல்லர் என்று உடனே ஒதுக்கிவிடக் கூடாது.

பிறந்த இடத்தையும் பல விதமாக எதிர்பாருங்கள்: இந்தியா, பிரிட்டிஷ் இந்தியா, ஈஸ்ட் இந்தியா, மெட்ராஸ், சிலோன், பிரெஞ்சு இந்தியா. இனக் கட்டம் அதைவிடக் குழப்பமானது. கப்பல் பட்டியல்களில் ஈஸ்ட் இந்தியன் என்று இருக்கும். 1920, 1930, 1940 ஆகிய மூன்று கணக்கெடுப்புகளில் இந்தியர்களை, அவர்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், இந்து என்ற இனமாகவே எழுதினார்கள். வேளாங்கண்ணிக்காரரும் காயல்பட்டினத்துக்காரரும் அங்கே இந்துதான். கணக்கெடுக்க வந்தவரின் கண்ணுக்குப் பட்டபடி வெள்ளையர் என்றும் கறுப்பர் என்றும் எழுதப்பட்டவர்களும் உண்டு. தேடலில் இனக் கட்டத்தை ஒருபோதும் நிரப்பாதீர்கள்.

இறுதியிலிருந்து பின்னோக்கி

கப்பல் பட்டியலைத்தான் எல்லாரும் முதலில் தேடுகிறார்கள். அது கடைசியில் தேட வேண்டியது. ஒருவர் வந்திறங்கிய நாளில் அவரைப் பற்றிப் பதிவேடுகளுக்கு மிகக் குறைவாகவே தெரியும், இறந்த நாளில் மிக அதிகமாகத் தெரியும். அதனால் முடிவிலிருந்து பின்னோக்கி நடப்பதே எளிது.

அமெரிக்காவில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை மத்திய அரசு வைத்திருப்பதில்லை. அவை மாநிலத்திடமோ கவுண்டியிடமோ இருக்கும். இறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர், தாயின் பெயர், பிறந்த இடம், எத்தனை ஆண்டுகளாக அந்த நாட்டில் இருந்தார், அடக்கமா தகனமா என்பவை இடம்பெறும். ஆனால் விவரம் சொன்னவர் மனைவியோ, மகனோ, வாடகை வீட்டுக்காரரோ என்பதைப் பார்த்தபிறகே அதை நம்ப வேண்டும். நியூயார்க் மாநகரம் மாநிலத்திலிருந்து தனியாகப் பதிவேடு வைத்திருப்பது, அதன் ஆவணக் காப்பகம் பழைய சான்றிதழ்களின் படங்களை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. கலிஃபோர்னியாவின் 1940 முதல் 1997 வரையிலான இறப்புப் பட்டியலில் தாயின் பிறந்தகத்துக் குடும்பப் பெயரும் இருக்கிறது.

வேலை செய்வோரின் ஓய்வூதியக் கணக்குக்காக அமெரிக்க அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் 1936 நவம்பரிலிருந்து வழங்கப்பட்டது. அதற்கு விண்ணப்பித்தவர் தம் கைப்படப் பிறந்த தேதி, பிறந்த ஊர், தாய் தந்தையர் பெயர்கள், வேலை கொடுத்தவரின் முகவரி ஆகியவற்றை எழுதித் தந்தார். இறந்தவரின் விண்ணப்ப நகலைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். முப்பது ஆண்டுகளாகப் பேசாமல் இருந்த ஒருவர் தன் தாயின் பெயரை எழுதிய காகிதம் அதுவாக மட்டுமே இருக்கலாம் என்பதால், இந்தச் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. 1962க்குப் பிந்தைய இறப்புகள் பெரும்பாலும் சோஷியல் செக்யூரிட்டி இறப்புப் பட்டியலில் இருக்கின்றன.

அடுத்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் இது 72 ஆண்டுகள் மூடி வைக்கப்பட்டுப் பிறகே திறக்கப்படும். 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2022 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்டது. 1960க்கு 2032 வரை காத்திருக்க வேண்டும். நாடு வந்த ஆண்டை 1900, 1910, 1920, 1930 ஆகிய நான்கிலும் கேட்டார்கள். குடியுரிமைக் கட்டத்தில் ஏஎல் என்றிருந்தால் அந்நியர், பிஏ என்றிருந்தால் முதல் விண்ணப்பம் போட்டவர், என்ஏ என்றிருந்தால் குடியுரிமை பெற்றவர் என்று பொருள். தமிழ் வாசகருக்குக் கிளர்ச்சி தரும் கட்டம் ஒன்று உண்டு: 1910, 1920, 1930 கணக்கெடுப்புகளில் வெளிநாட்டில் பிறந்தவர்களின் தாய்மொழியையும் கேட்டார்கள். அங்கே தமிழ் என்ற சொல் ஆங்கில எழுத்தில் இருந்துவிட்டால் தேடலின் பாதி முடிந்தது. கேட்டவருக்கு அந்தச் சொல் விளங்காமல் மொழியையும் இந்து என்றே எழுதியிருக்கவும் கூடும். நியூயார்க்கில் இருந்தவர் என்றால் அந்த மாநிலம் தனியே எடுத்த 1905, 1915, 1925 கணக்கெடுப்புகளையும் விடக்கூடாது.

ஆண்களுக்குக் கட்டாய ராணுவச் சேவைக்கான பதிவு அட்டைகள் ஒரு புதையல். போருக்குப் போனவர்கள் மட்டும் இதில் இல்லை. குறிப்பிட்ட வயதுக்குள் இருந்த எல்லா ஆண்களும், குடியுரிமை இல்லாதவர்கள் உட்பட, பதிந்துகொள்ள வேண்டும். முதல் உலகப் போரில் 1917 ஜூன் 5, 1918 ஜூன் 5, 1918 செப்டம்பர் 12 ஆகிய நாள்களில் பெரும் பதிவுகள் நடந்து ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் அட்டைகள் சேர்ந்தன. மூன்றாவது பதிவில் பிறந்த ஊர் கேட்கப்படவில்லை, ஆனால் நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் கேட்கப்பட்டன. அந்த வரியில் தகப்பனார் பெயரும் இந்தியக் கிராமத்தின் பெயரும் கோணல்மாணலாக எழுதப்பட்டிருப்பதைக் காணும் வாய்ப்பு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது 1942 ஏப்ரல் 27 அன்று 45 முதல் 64 வயது வரையிலான ஆண்களைப் பதிந்தார்கள். நாம் தேடும் தலைமுறை அப்போது அந்த வயதில்தான் இருந்தது. அட்டையின் பின்புறத்தில் உயரம், எடை, நிறம், உடலில் உள்ள தழும்பு வரை இருக்கும். முன்புறத்தில் உங்கள் முகவரியை எப்போதும் அறிந்திருக்கக்கூடியவர் யார் என்ற கேள்விக்கு அவர் தந்த பதிலை நிறுத்திப் படியுங்கள். அந்தப் பெயருக்கு உரியவர்தான் அவருடைய அமெரிக்க வாழ்வின் மையமாக இருந்தவர்.

இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடைப்பட்ட பத்தாண்டுகளை நிரப்ப ஒவ்வொரு நகரத்துக்கும் ஆண்டுதோறும் அச்சான முகவரி நூல்கள் உதவும். பெயர், தொழில், தெரு, சில சமயம் அடைப்புக்குள் மனைவியின் பெயர் என்று அவற்றில் இருக்கும்; ஒருவர் எந்த ஆண்டில் மறைகிறார் என்பதைக் கொண்டு இறந்த ஆண்டையும் ஊகிக்கலாம்.

கப்பல் பட்டியலைப் படிக்கும் முறை

இப்போது வந்த ஆண்டு கையில் இருக்கிறது, கப்பலைத் தேடலாம். நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவு நிலையம் 1892 ஜனவரி 1 முதல் 1954 வரை இயங்கியது. சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் அதன் வழியாக நுழைந்தனர். அந்தத் துறைமுகத்தின் பட்டியல்களைச் சுதந்திரதேவி சிலை - எல்லிஸ் தீவு அறக்கட்டளையின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பசிபிக் வழியாகச் சென்றவர்களுக்கு 1910 முதல் 1940 வரை சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஏஞ்சல் தீவு நிலையம் இருந்தது. கனடாவில் இறங்கி நிலவழியாக எல்லையைக் கடந்தவர்களுக்கு 1895 முதல் 1954 வரையிலான எல்லைக் கடப்புப் பதிவுகள் உண்டு. லண்டன், லிவர்பூல், சவுத்தாம்ப்டன் வழியாகச் சென்றிருந்தால் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1890 முதல் 1960 வரை நாட்டை விட்டுப் புறப்பட்டவர்களின் பட்டியல்கள் இருக்கின்றன. அமெரிக்கப் பக்கத்தில் பெயர் சிதைந்திருந்தால் இந்தப் பக்கத்தில் நேராக இருக்கலாம்.

1907ஆம் ஆண்டிலிருந்து பட்டியலில் முக்கியமான ஒரு கேள்வி சேர்ந்தது: புறப்பட்ட நாட்டில் உள்ள நெருங்கிய உறவினர் அல்லது நண்பரின் பெயரும் முகவரியும். இதற்கு அடுத்தடுத்துப் போய்ச் சேருமிடம், அங்கே யாரிடம் போகிறார், பயணக் கட்டணத்தை யார் கொடுத்தது, கையில் எவ்வளவு பணம் இருக்கிறது, உயரம், நிறம், பிறந்த ஊர் என்று கேள்விகள் நீளும். அந்தக் காலத்துப் பட்டியல் இரண்டு பக்க அகலம் கொண்டது. இணையத்தில் தேடினால் இடப்பக்கப் படம் மட்டும் திறக்கும். அதோடு மூடிவிடுகிறவர்கள் பிறந்த ஊரைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். அடுத்த படத்துக்குச் சென்று அதே வரிசை எண்ணைப் பாருங்கள்.

பெயரின் மேல் கோடு அடித்திருந்தால் அவர் அந்தக் கப்பலில் ஏறவில்லை என்று பொருள், வேறு கப்பலில் வந்திருக்கலாம். பெயருக்கு மேலே வேறு மையில் ஓர் எண்ணும் தேதியும் பிற்காலத்தில் எழுதப்பட்டிருந்தால், அவர் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது வருகையைச் சரிபார்த்ததன் அடையாளம் அது. உடனே குடியுரிமைக் கோப்பைத் தேடப் போகலாம். எஸ்ஐ என்ற எழுத்துகள் அவரைத் தடுத்து நிறுத்திச் சிறப்பு விசாரணைக்கு அனுப்பியதைக் காட்டும். அப்படியானால் அதே கப்பலுக்கான பட்டியலின் கடைசிப் பக்கங்களில் தடுத்துவைக்கப்பட்டவர்களின் பெயர்களைப் பாருங்கள்.

மாலுமியாக வந்தவர்களின் பெயர்கள் சிப்பந்திகள் பட்டியலில் தனியே இருக்கும். அங்கே எந்தத் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தார் என்பதும், கப்பல் திரும்பும்போது அவர் ஏறாமல் நின்றுவிட்டால் ஓடிப்போனவர் என்ற குறிப்பும் காணப்படும். குடும்பத்துக்கு அது தலைகுனிவாகத் தோன்றலாம், தேடுகிறவருக்கோ அவர் அமெரிக்க மண்ணில் கால்வைத்த தேதி அது.

மனைவி வழியாகப் போகும் பாதை

ஊரில் பேசப்படாத பகுதி ஒன்று இருக்கும். அங்கே அவர் திருமணம் செய்துகொண்டிருப்பார். கலிஃபோர்னியாவில் பஞ்சாபி ஆண்கள் மெக்சிகோ வழிவந்த பெண்களை மணந்ததும், நியூயார்க்கின் ஹார்லெமில் கப்பலிலிருந்து இறங்கிய வங்காள முஸ்லிம்கள் கறுப்பினப் பெண்களையும் புவெர்ட்டோ ரிக்கப் பெண்களையும் மணந்ததும் நன்கு அறியப்பட்ட வரலாறு; அதே நகரங்களில் வாழ்ந்த தென்னிந்தியருக்கும் வாழ்க்கை அதேபோல அமைந்திருக்கலாம். கணவரின் பெயர் ஐந்து வடிவங்களில் திரியும்போது, மனைவியின் பெயரும் பிள்ளைகளின் பெயர்களும் பதிவேடுகளில் நிலையாக நிற்கும். அவளுடைய பெற்றோர் வீட்டைக் கணக்கெடுப்பில் கண்டுபிடித்தால் பக்கத்து வீட்டில் உங்கள் தாத்தா குடியிருக்கக்கூடும்.

அந்தக் காலத்துச் சட்டத்தின் இன்னொரு கொடுமையையும் அறிந்திருப்பது நல்லது. 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நியரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்தாள். 1922இல் இது திருத்தப்பட்டபோதும், குடியுரிமைக்குத் தகுதியற்ற இனத்தவரை மணந்தவர்களுக்கு மட்டும் 1931 வரை அந்த இழப்பு நீடித்தது. ஆகவே அமெரிக்காவிலேயே பிறந்த மனைவியின் பெயரில் குடியுரிமை மனு ஒன்று கிடைத்தால் திகைக்காதீர்கள். அந்த மனுவில் கணவரின் பெயரும் பிறந்த இடமும் திருமண நாளும் எழுதப்பட்டிருக்கும்.

எங்கே உட்கார்ந்து தேடுவது

ஊரிலிருந்தே தேட ஃபேமிலிசர்ச் தளம் போதும். சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட பின்னாள் புனிதர் சபை (மோர்மன் சபை) அதை நடத்துகிறது. கணக்குத் தொடங்கினால் முற்றிலும் இலவசம். ஆன்செஸ்ட்ரி கட்டணத் தளம். வேண்டிய குறிப்புகளையெல்லாம் திரட்டி வைத்துக்கொண்டு ஒரே ஒரு மாதத்துக்குப் பணம் கட்டி மொத்த வேலையையும் முடிப்பது சிக்கனம். 1950 கணக்கெடுப்பை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகமே தன் தளத்தில் இலவசமாகத் தருகிறது, ஆனால் அதன் பெயர்ப் பட்டியலைக் கணினி கையெழுத்தைப் படித்துத் தயாரித்ததால் நம் பெயர்கள் அதில் விபரீதமாக வரும். பழைய செய்தித்தாள்களுக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் கிரானிக்ளிங் அமெரிக்கா, கல்லறைகளுக்கு ஃபைண்ட் எ கிரேவ். தெற்காசிய அமெரிக்கர்களின் கடிதங்களையும் படங்களையும் சேகரிக்கும் சாடா என்ற மின்னணு ஆவணக் காப்பகத்தையும் ஒருமுறை பாருங்கள். பிறர் போட்டுவைத்திருக்கும் வம்சாவளி மரங்களைக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், சான்றாக வேண்டாம்.

மாணவராகச் சென்றவர் என்றால் பல்கலைக்கழக ஆண்டு மலர்களும் பழைய முனைவர் பட்ட ஆய்வேடுகளும் நல்ல தடயம். அக்காலத்து ஆய்வேடுகள் பலவற்றின் கடைசிப் பக்கத்தில் ஆசிரியரின் பிறந்த ஊர், படித்த கல்லூரி எல்லாம் தன்வரலாறாக அச்சாகியிருக்கும். ஆசியர்களுக்குக் கதவை அகலத் திறந்த 1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகு சென்றவர்களுக்குக் கணக்கெடுப்பு திறக்கவில்லை. அவர்களை இந்த ஆய்வேடுகள், செய்தித்தாள் இரங்கல் குறிப்புகள், தமிழ்ச் சங்கங்களின் விழா மலர்கள், கவுண்டி அலுவலகங்களின் சொத்துப் பதிவுகள் ஆகியவற்றின் வழியாகவே அணுக முடியும்.

அவர்தான் இவர் என்று எப்போது சொல்லலாம்

பொருந்துகிற முதல் பெயரைக் கண்டதும் வீட்டார் அனைவருக்கும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிடும் அவசரம் எல்லாருக்கும் வரும். பொறுத்திருங்கள். ஒன்றையொன்று சாராத மூன்று விவரங்களாவது ஒத்துப்போக வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு: தகப்பன் பெயர், பிறந்த ஊர், ஊரில் உள்ள உறவினரின் முகவரி, ஜாதகத்தோடு பொருந்தும் வயது, கடித உறையில் இருந்த தெரு ஆகியவற்றில் எவையேனும் மூன்று. மெட்ராஸ் என்ற பிறந்த இடமும் சாமி என்ற பெயரும் மட்டும் ஒத்தால் அது சான்றாகாது. தேடிய ஒவ்வொரு இடத்தையும், எந்த எழுத்துக்கூட்டலில், எந்த ஆண்டுகளுக்கு, என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கிடைக்காத தேடலைக் குறிக்காதவர் ஆறு மாதம் கழித்து அதே இடத்தை மறுபடி தேடுவார்.

சந்ததியார் உயிரோடு இருப்பது தெரிந்தால் முதலில் ஒரு கடிதமோ மின்னஞ்சலோ எழுதுங்கள், தொலைபேசியில் திடீரென்று அழைக்க வேண்டாம். நீங்கள் யார், எந்த ஆவணத்தின் வழியாக அவர்களிடம் வந்து சேர்ந்தீர்கள், பதில் எழுதுவது அவர்கள் விருப்பம் என்பதை ஒரு பக்கத்துக்குள் சொல்லிவிடலாம். பூர்வீகச் சொத்து, பங்கு போன்ற சொற்கள் அந்தக் கடிதத்தில் தப்பித் தவறியும் வரக் கூடாது. ஊரில் இன்னொரு மனைவி இருந்த செய்தி உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதையும் முதல் கடிதத்தில் எழுத வேண்டாம். கப்பல் பட்டியலில் அவர் பெயர் உள்ள வரியின் படத்தை இணைத்து, அதன் அடியில் அவருடைய பெயரையும் அவர் தகப்பனார் பெயரையும் ஊரின் பெயரையும் தமிழில் தெளிவாக எழுதி அனுப்புங்கள். தங்கள் தாத்தாவின் பெயரை அந்த எழுத்தில் அவர்கள் அதுவரை பார்த்திருக்க மாட்டார்கள்.